எஸ்டேட் எண்ணெய்

எங்கள் வண்டியின் சிலிண்டருக்கு இன்னும் ஒரே ஒரு கடைசல்தான் பாக்கி இருந்தது.

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அது. அந்த மாதிரி வண்டிகளில் பிஸ்டன் ஓடி ஓடிச் சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்தாலோ, சூட்டில் இறுகிக் கீறல் விழுந்தாலோ, லேத்தில் கொடுத்துச் சுவரைக் கொஞ்சம் அகலமாகக் கடைவார்கள். அதற்கேற்றபடி ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். நாலைந்து முறை இப்படிச் செய்யலாம். அதற்கு மேல் பெரிய பிஸ்டன் கிடையாது, சுவரும் தாங்காது. எங்களுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர்களே முக்கால்வாசியைக் கடைந்து தீர்த்திருந்தார்கள்.

ஆவணி மாத மழையில், ஏற்காட்டிலிருந்து எங்கள் ஊரான செம்மநத்தத்துக்குத் திரும்பும் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றது. அப்பா காலி பால் கேன்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்தவர் அதைக் கொட்டகையில் சாத்திவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த வாரம் சேலத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். "செத்துப் போச்சு சாமி" என்றார். வண்டியைத்தான் சொன்னார்.

அப்பா முன்பு எஸ்டேட்டில் மிளகு பறிப்பவர். ஏணி போட்டு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஏறுவார். ஒருமுறை ஏணி சறுக்கி முழங்கால் போனது. அதன்பிறகு களத்தில் காப்பிக்கொட்டை கிளறிவிடும் வேலை கொடுத்தார்கள். வேலை கஷ்டமில்லை. காலையில் எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், கணக்கெழுதும் ரைட்டர் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகக் கூப்பிடுவார். "இருக்கேனுங்க" என்று உடனே சொல்ல வேண்டும். கால் இழுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் பெயர் தாண்டிவிட்டால் அன்று ஆள் இல்லை என்று ஆகிவிடும். இந்த வண்டியை வாங்கிய மறுநாளே அப்பா எஸ்டேட்டை விட்டுவிட்டார். ஊரில் வீடு வீடாகப் பால் வாங்கி ஏற்காட்டு டீக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பிறகு அவர் பெயரை யாரும் காலையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் படித்ததெல்லாம் அந்தப் பாலில்தான்.

வண்டி நின்ற செய்தி எஸ்டேட்டுக்குப் போனது. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும்போது ஆள் வேண்டும், களத்து வேலை காலியாகத்தான் இருக்கிறது என்று ரைட்டர் சொல்லி அனுப்பினார். இன்னொரு பக்கம், பக்கத்தில் புதிதாக வந்த ஒரு தங்கும் விடுதியில் வண்டியை அப்படியே கேட்டார்கள்.

"எதுக்காமா?" என்று அம்மா கேட்டாள்.

"பெயிண்டு அடிச்சு வாசல்ல நிறுத்தப் போறாங்களாம். டேங்குல பூச்செடி வெப்பாங்களாம்" என்றார் அப்பா. "எனக்குக் களம், அதுக்குப் பூச்செடி. ரெண்டு பேத்துக்கும் வேல கெடச்சுருச்சு."

கடன் வாங்கி வேறு வண்டி எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. எஞ்சினைப் பிரித்து நான் கட்டுகிறேன் என்று சொன்னேன். யாரும் கேட்டுச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சேலத்தில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் அளவு பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் என் வேலை, ஓர் உருளை இன்னோர் ஓட்டைக்குள் எவ்வளவு இடைவெளியோடு போகிறது என்று பார்ப்பதுதான்.

சனி, ஞாயிறுகளில் வேலை நடந்தது. காப்பிக்கொட்டை காயப்போடும் எங்கள் சின்னச் சிமெண்டுத் தளத்தில் சாக்கை விரித்து எஞ்சினை இறக்கினேன். கழற்றிய சின்னச் சாமான்களை முட்டை அட்டைகளில் கழற்றிய வரிசைப்படி வைத்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. காரணமும் தெரிந்தது. பிஸ்டன் சுழற்றும் கிராங்கு தண்டின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் சீல் வெடித்துக் காற்றை இழுத்திருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். காற்று கூடினால் அந்தக் கலவை மெலிந்துபோகும். பிஸ்டன் காய்ந்து, சுட்டு, வீங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

கிராங்கின் பேரிங்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது. புதுப் பேரிங்கை அடித்து இறக்கக் கூடாது. அது உட்காரும் அலுமினியக் கூடான கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால் தானாக உள்ளே விழும். குளிருக்கு எங்கள் தெருவில் ஒரே ஓர் இடம்தான். பக்கத்து வீட்டு அக்கா மிஷன் பள்ளி விடுதியில் சமைப்பவர். அவர் வீட்டில்தான் பிரிட்ஜ் இருந்தது.

"இரும்ப எதுக்குக் கண்ணு பிரிஜ்ஜுல வெக்கிற? அழுகியா போயிரும்?" என்றார் அக்கா.

"சுருங்கறதுக்குங்க்கா."

"சர்ச்சுக்குப் போயிட்டு வந்து மீன் கொழம்பு வெக்கணும். உன்ற இரும்பு மீன் வாசம் அடிச்சா என்னையச் சொல்லக் கூடாது."

"அடிச்சாலும் எஞ்சினுக்கு மூக்கு இல்லீங்க்கா."

கேஸைச் சூடாக்க, அம்மா காப்பிக்கொட்டை வறுக்கும் இரும்புச் சட்டியை எடுத்தேன். அம்மா சட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இதுல கிரீஸு நாத்தம் ஏறுச்சுன்னா அப்பறம் வருசம் பூரா நீயே காப்பி குடி." கேஸை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டிய பிறகுதான் விட்டாள். அடுப்பில் சட்டி, சட்டியில் கேஸ். ஒரு துளி தண்ணீர் தெறித்தால் சுர்ரென்று ஓட வேண்டும். அந்தச் சூடு வந்ததும் அக்கா வீட்டிலிருந்து பேரிங்கைத் துணியில் சுற்றி ஓடி வந்தேன். உள்ளே வைத்ததும் ஒரே ஒரு சத்தம், தட்டில் காசு விழுவது போல. இறங்கிவிட்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சிலிண்டரையும் புதுப் பிஸ்டனையும் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் சேலத்துக்கு எடுத்துப்போனேன். லேத் பட்டறைக்காரர் பையைப் பிரித்துவிட்டு என் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அண்ணன் வரலீங்களா?"

"அண்ணன் இல்லீங்க. நாந்தான்."

பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். புத்தகத்தில் உள்ள அளவுதான். எனக்கு ஒரு மயிரிழை கூடுதலாக வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா? லொடலொடன்னு அடிக்கும். அப்பறம் என்ற கடை வாசல்ல வந்து நிப்பீங்க."

"மலைல ரெண்டாவது கியர்லயே ஏறணுமுங்க. வேகம் இருக்காது, காத்தும் படாது. இந்த அளவுல வெச்சா சூட்டுல புடிச்சுக்கும்."

"மலைக்காரங்களுக்குத் தனிக் கணக்காங்க?"

"ஏத்தம் உங்க ஊருல இல்லீங்களே."

அவர் சிரித்தார். "இது கடைசிச் சைஸு, தெரியுமில்ல? இதுக்கு மேல கடைய முடியாது. கெட்டா எடைக்குத்தான் போடணும்."

"தெரியுமுங்க. அதனாலதான் கேக்கறேன்."

கடைந்து முடித்ததும் கம்பெனியில் அனுமதி வாங்கிக் கொண்டுபோயிருந்த அளவுமானியைச் சிலிண்டருக்குள் விட்டு மேலே, நடுவில், கீழே என்று பார்த்தேன். சரியாக இருந்தது. வேலை சுத்தமான வேலை. அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் கட்டிய வண்டியை உடனே மலையில் ஓட்டமாட்டார்கள். புதுப் பிஸ்டனும் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பழகும்வரை சுமையோ ஏற்றமோ கூடாது. மலையில் ஏற்றமில்லாத சாலை எங்கே இருக்கிறது? அதனால் காய்கறி ஏற்றிப்போகும் டெம்போவில் வண்டியைக் கீழே அனுப்பி, சமவெளியில் சில வாரம் ஓட்டிப் பழக்கிவிட்டு ஏற்றிவருவார்கள். எங்கள் வண்டி சௌசௌ மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு சேலம் போனது.

தினமும் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலிருந்து கம்பெனிக்கு அதில்தான் போனேன். எண்ணெயும் பெட்ரோலும் ஒரு கேனில் அளந்து ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பிறகு டேங்கில் விடுவேன். புது எஞ்சினுக்காக எண்ணெய் கொஞ்சம் கூடுதல். புகை பலமாக வரும். விடுதி வாட்ச்மேன் என்னைக் கண்டதும், "கொசு மருந்து வண்டி வந்துருச்சு, எல்லாரும் ஜன்னலச் சாத்துங்க" என்று கத்துவார். சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டிப்போனார்கள். நான் கைப்பிடியை முறுக்கவில்லை.

அந்த வாரங்களில் அப்பா பாலை பஸ்ஸில் கொண்டுபோனார். கேனை ஏற்றக் கூடாது என்று சில கண்டக்டர்கள் சண்டை போட்டார்கள். பஸ் வராத நாட்களில் பால் வீட்டிலேயே நின்றது. இரண்டு ஓட்டல்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. அப்பா எனக்குப் போன் செய்யும்போது இதில் எதையும் சொல்லமாட்டார். அம்மாதான் சொல்வாள். அப்பா கேட்பது ஒன்றே ஒன்று.

"பழகிருச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்கப்பா."

"மருமவ வந்தாக்கூட இத்தன நாளு எடுத்துக்கமாட்டாடா சாமி."

கார்த்திகையில் பழம் சிவந்தது. திங்கட்கிழமையிலிருந்து பறிப்பு, அன்று காலை வரிசைக்கு வந்துவிட வேண்டும், பெயர் எழுதியாகிவிட்டது என்று ரைட்டரிடமிருந்து ஆள் வந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் வண்டியை மேலே ஏற்றுவதாக இருந்தது.

அடிவாரத்தில் அப்பா காத்திருந்தார். வரச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குங்கப்பா எறங்கி வந்தீங்க?"

"சும்மாதான். வண்டி ஏர்றதப் பாக்கணுமில்ல."

"ரெண்டு பேரு ஏற முடியாதுங்க. மொத ஏத்தம்."

"நான் எங்க ஏர்றேன்னேன்? பஸ்ஸு இருக்குது. நீ போயி டீ குடி. மூஞ்சியப் பாரு, கரிக்கட்டையாட்ட இருக்குது."

முகம் கழுவி டீ குடித்துவிட்டு வந்தேன். அப்பா வண்டியின் டேங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. நான் முன்னால் கிளம்பினேன்.

முதல் சில வளைவுகள் நன்றாக ஏறியது. அவசரப்படாமல், இரண்டாவது கியரில், கைப்பிடி பாதிக்கு மேல் போகாமல். கண்ணாடியில் பார்த்தபோது புகை வழக்கத்தைவிடக் கனமாக, நீலமாக இருந்தது. ஏற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மலையின் பாதியில் இழுவை குறைந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினேன். இழுவை வரவில்லை. எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று படுவதுபோல. அந்தச் சத்தம் எதற்கு முன்னால் வரும் என்று எனக்குத் தெரியும். கிளட்சைப் பிடித்து, சாவியைத் திருப்பி, ஓரத்தில் நிறுத்தினேன்.

உதைத்துப் பார்க்கவில்லை. சூட்டோடு உதைத்தால், பிடிக்காததும் பிடித்துக்கொள்ளும். வளைவின் தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து என் பையைப் பார்த்தது. நான் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். அது நிற்கும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை.

பஸ் வந்தது. வளைவில் மெதுவானபோது கண்டக்டர் தலையை நீட்டி, "என்னம்மா, வண்டி கற்பூரம் கேக்குதா?" என்றார். பின்னாலிருந்து அப்பாவின் குரல், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றது. பாதி வழியில் டிக்கெட்டை விட்டுவிட்டு இறங்கினார். பஸ் போய்விட்டது.

"நின்னுருச்சா கண்ணு?"

"நிக்கல. நிறுத்துனேனுங்க."

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் கொஞ்சம்தான் இருந்தது. அதற்கு அடியில் கருப்பாக, கெட்டியாக, தேன்போல ஒன்று படிந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன்.

"இது நான் ஊத்துன எண்ணெ இல்லீங்களே."

அப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். பாதி காலியாக இருந்தது. ஒளிக்கிற முகமில்லை, நல்ல சாமான் வாங்கிவந்தவர் காட்டுகிற முகம்.

"நல்ல எண்ணெ சாமி. எஸ்டேட்டு எண்ணெ. ரைட்டரு ரூம்புல பூட்டி வெச்சிருப்பாங்கல்ல, அது. களத்துல இருக்கறவங்கிட்டச் சொல்லி வாங்குனேன். மலை ஏர்ற வண்டி, கொஞ்சம் கூடக் குடிக்கட்டுமேன்னு."

"அது பழம் ஒடைக்கிற மிஷினோட டீசல் இஞ்சினுக்குங்கப்பா."

"ஆமா. அந்த மிஷினு நான் சின்னப் பையனா இருக்கறப்ப இருந்து ஓடுது. ஒரு நாளு நின்னதில்ல."

அது உண்மைதான். ஆனால் கலக்காமல் நேராக டேங்கில் ஊற்றிய அந்தக் கெட்டி எண்ணெய், அடியில் இறங்கி, குழாய் வழியாக வந்து, பெட்ரோல் போகும் ஊசித்துளையை அடைத்துவிட்டது. எண்ணெய் அதிகமானதாலேயே கலவை உள்ளே போகாமல் எஞ்சின் காய்ந்தது. இதை அவரிடம் விளக்கினேன். அவர் எஞ்சினையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நாந்தேன் கெடுத்துப்போட்டனா?"

"தெரியலீங்கப்பா. ஆறுனாத்தான் தெரியும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைச் சொல்வதில்லை என்பது என் வேலையின் பழக்கம். அவர் தடுப்புச் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்தார். "களத்துல நெழலு இருக்கும்" என்றார். "மழைக்கும் தகரக் கூரை போட்டுட்டாங்களாம்." நான் டேங்கைக் காலி செய்துகொண்டிருந்தேன். அவர் அந்தக் கலவையையும் வீணாக்காமல் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அதில் பிடித்துக்கொண்டார்.

சத்தம் நின்று, சிலிண்டரில் கை வைக்க முடிந்தபோது, பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்துக் கிளப்பும் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினேன். பிஸ்டன் கீழே போனது. மேலே வந்தது. ஓரிடத்தில் கொஞ்சம் கனத்ததா, என் கைதான் கனத்ததா என்று சொல்ல முடியவில்லை. ஊசித்துளையை ஊதிச் சுத்தம் செய்து, நான் கலந்து கொண்டுவந்திருந்த பெட்ரோலை ஊற்றினேன். கிளம்பியது.

"நீங்க அடுத்த பஸ்ஸுல வாங்க."

"போ கண்ணு. நான் எப்பவோ வாறேன்."

அவரை அந்த வளைவிலேயே விட்டுவிட்டு ஏறினேன். நடக்கமுடியாத மனிதனைக் குரங்குகளோடு விட்டுவிட்டு வந்தாள் என்று அம்மா இப்போதும் சொல்வாள். ஓர் ஆளின் எடையைத்தான் அன்று அந்த எஞ்சின் மீது வைக்க முடியும் என்பது என் கணக்கு. வளைவுக்கு வளைவு நிறுத்தி, ஆறவிட்டு, ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தளத்தில் மறுபடி சாக்கை விரித்தேன். அப்பா தளத்தின் மறுகோடியில் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். திரித்த கயிற்றையே பிரித்துத் திரித்தார். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் முறத்தோடு உட்கார்ந்தாள். நான் எஞ்சினின் தலைமூடியைக் கழற்றி, சிலிண்டரை மேலே உருவினேன்.

பிஸ்டனில், புகை போகும் பக்கம், விரல் அகலத்துக்கு மங்கலாக ஒரு தடம் இருந்தது. பிடிக்கப்போய்ப் பிடிக்காமல் விட்ட தடம். சிலிண்டரை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் சுற்றிவர வருடினேன். எங்கும் தடுக்கவில்லை. இடைவெளியைப் புத்தக அளவில் விட்டிருந்தால் தடுத்திருக்கும்.

"இங்க வாங்கப்பா."

"நீயே சொல்லு, போதும்."

"நான் சொல்ல மாட்டேனுங்க. வந்து தொட்டுப் பாருங்க."

எழுந்து வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சிலிண்டருக்குள் விட்டுச் சுற்றினார்.

"வழவழன்னு இருக்குது" என்றார்.

"அப்ப ஓடுமுங்க."

"ஏனுங்க, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அம்மா அவரிடம். "இனி டேங்க் மூடியத் தொறந்தீங்கன்னா கைய ஒடச்சுப்போடுவா."

தடத்தை நைஸான உப்புத்தாளால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துவிட்டு, மாலைக்குள் எஞ்சினைக் கட்டி முடித்தேன். பால் கொடுக்கும் வீடுகளுக்கு அப்பா சொல்லிவிட்டு வந்தார். போகிற வீட்டிலெல்லாம், "டேங்க் மூடிய ஆரும் தொடக் கூடாது, இஞ்சினீரு உத்தரவு" என்று சொல்லியிருக்கிறார். யாரும் தொடப்போவதாகச் சொல்லவில்லை. மீதி எஸ்டேட் எண்ணெயை அம்மா கொட்டகைக் கதவின் கீலுக்கு விட்டாள். கதவு அதன்பிறகு கத்துவதில்லை.

திங்கட்கிழமை விடியும் நேரம் அப்பா கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பஸ்ஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குக் கீழே சாலை எஸ்டேட் கேட்டைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கே ஒரு சின்ன ஏற்றம். கியர் மாற்றாமல் ஏறாது. பறிப்பின் முதல் நாள் என்பதால் கேட்டில் கூட்டம் இருந்தது. ரைட்டர் பெயர் கூப்பிடும் குரல் மேலே வரைக்கும் கேட்டது. பெயர், பதில், பெயர், பதில்.

பிறகு வண்டியின் சத்தம் வந்தது. கேட்டுக்கு நேராகக் கியரைக் குறைத்தார். நான் தலை பின்னுவதைப் பாதியில் விட்டுவிட்டுக் காதுகொடுத்தேன். வளையல் சத்தம் இல்லை. எஞ்சின் ஏற்றத்தில் நிதானமாக இழுத்து, வளைவில் திரும்பி, சிறுத்துப் போனது.

அன்று அப்பாவின் பெயரையும் கூப்பிட்டிருப்பார்கள். பட்டியலில் எழுதியிருந்தார்களே. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. பையை எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.